பசித்த குடம்பியும் பாதித் துப்புரவும்



பூச்சிகளின் பெருக்கத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பெரிய எண்களைக் கூறியே கேட்போரை மலைக்க வைப்பர். ஒரு பெண் நுளம்பு ஒரு தடவையில் ஏறத்தாழ நூறு முட்டை இடும். அவற்றுட் பாதி பெண்ணாகும். அவை ஒவ்வொன்றும் மீண்டும் நூறு இடும். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், ஓராண்டு முடிவதற்குள் பதுளை நகரம் மட்டுமன்றி நமுனுகுலை மலையும் நுளம்புக்குள் புதைந்துவிடும் என்று கணக்கு வரும். கணக்கிலே பிழை இல்லை. ஆயினும் மலை இன்றும் புதையாமல் நிற்கிறது. பிறந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை இனம்பெருக்கும் முன்பே மாண்டுபோகின்றன என்பதே இதன் பொருள்.

அவற்றை மாய்ப்பது எது? இந்த ஒரு கேள்விக்கு விடை காணாமல் பூச்சியோடு போர் தொடுப்பவன், சில வேளைகளில் பகைவனுக்கே படை திரட்டிக் கொடுப்பவன் ஆகின்றான். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நமது ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் நாம் அன்றாடம் காணும் பொருள்களைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

முதலில் பூச்சியின் வாழ்வைப் பற்றி ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நுளம்பு, ஈ, வண்டு, வண்ணத்துப்பூச்சி முதலியவற்றின் வாழ்வு நான்கு பருவங்களாக அமைந்தது. முட்டை, முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி, உண்ணாமல் அடங்கிக் கிடக்கும் கூட்டுப்புழு, இறுதியில் நிறைவுற்ற பூச்சி என்பவை அவை. இவற்றுள் குடம்பிப் பருவம் ஒன்றே வளரும் பருவம். சிறகு முளைத்த பின்னர் எந்தப் பூச்சியும் ஓர் அணுவளவேனும் வளர்வதில்லை. சின்ன நுளம்பு பெரிய நுளம்பின் குட்டி என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சின்ன நுளம்பு, தன் குடம்பிப் பருவத்தில் வயிறார உண்ணக் கிடைக்காத நுளம்பு, அவ்வளவே. இளமையிற் பட்ட பசி அதன் உடலில் நிலையாக எழுதப்பட்டுவிடுகிறது.

இப்பொழுது ஒரு லயன் வீட்டின் பின்புறத்திலே நிற்கும் தண்ணீர்ப் பீப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். யூன், யூலை மாதங்களில் கச்சான் காற்று வீசி மலை காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ந்த காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது என்று உலகச் சந்தையிற் புகழ்வர். ஆனால் அதே காலத்தில் பீலித் தண்ணீர் நூலாக ஒழுகும். ஆகவே கிடைத்தபோது பிடித்துப் பீப்பாயில் நிறைத்து வைப்பதன்றி மக்களுக்கு வேறு வழியில்லை. அந்தப் பீப்பாயின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, ஈடிஸ் இன நுளம்பு முட்டைகளை ஒட்டிவிட்டுச் செல்கிறது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் இனம் இதுவே. இம்முட்டைகள் உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீர் அவற்றைத் தொட்டதும் பொரியும். அதுவும் எல்லாம் ஒரே நாளில் அன்று, தவணை தவணையாகப் பொரியும்.

பொரித்த குடம்பிகளுக்கு உணவு என்ன? நீரில் விழுந்த இலை, தூசு, இறந்த பூச்சி ஆகியவை அழுகும்போது அவற்றின்மேற் படரும் நுண்ணுயிர்களே உணவு. குடம்பிகள் பத்து இருந்தால் இந்த உணவு தாராளமாகப் போதும். வெப்பமும் ஏற்றதாயிருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இரண்டொரு நாளிற் பறந்துவிடும். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே ஏற ஏற, குளிர் மிகுந்து வளர்ச்சி இன்னும் தாமதமாகும்.

ஆனால் அதே பீப்பாயில் குடம்பிகள் ஐந்நூறு இருந்தால் நிகழ்வது வேறு. உணவின் அளவு கூடவில்லை. உண்போர் தொகைதான் கூடிற்று. ஆகவே ஒவ்வொன்றின் பங்கும் சுருங்குகிறது. ஒரு வாரத்தில் முடியவேண்டிய வளர்ச்சி பல வாரங்களுக்கு நீள்கிறது. பந்திக்கு முந்து என்ற பழமொழி இங்கே முழு உண்மையாகிறது. முந்திப் பொரித்தவை ஓரளவு தேறிக்கொள்ளும். பிந்திப் பொரித்தவை மெலிந்து கிடந்து மடியும். தப்பிப் பிழைத்துப் பறப்பவையோ உருவிற் சிறியவை. சிறிய பெண் நுளம்பு ஒரு தடவையிற் குடிக்கும் இரத்தமும் குறைவு, இடும் முட்டையும் குறைவு. ஆகவே நெருக்கம் என்பது மூன்று வகையில் தொகையை அடக்குகிறது: வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, உயிரைக் குடிக்கிறது, பிழைத்தவற்றின் கருவளத்தையும் குறைக்கிறது.

இதே செய்தியை அடுக்களையிலும் காணலாம். கௌப்பியையோ பயறையோ தகரப் பேணியில் இட்டுச் சில மாதம் மறந்துவிட்டால், திறக்கும்போது விதைதோறும் ஒரு வட்டத் துளையும் பேணியெங்கும் சிறு வண்டுகளும் இருக்கும். தாய் வண்டு முட்டையை விதையின் தோலில் ஒட்டிவைக்கிறது. குடம்பி நேரே விதைக்குள் துளைத்துச் செல்கிறது. அந்த விதை ஒன்றே அதற்கு வீடு, அதுவே சோறு. பக்கத்து விதைக்குப் போக வழியில்லை. வெளிவந்த வண்டு எதனையும் உண்ணாமலே இணைந்து, முட்டையிட்டு, ஓரிரு வாரத்தில் இறந்துவிடும். எனவே அது இடப்போகும் முட்டைகளுக்கு வேண்டிய பொருள் முழுவதும் குடம்பிப் பருவத்தில் உண்டதிலிருந்தே வரவேண்டும். இதனாலே தாய் வண்டு, ஏற்கெனவே முட்டை ஒட்டப்பட்ட விதைகளைக் கூடியவரை தவிர்த்து, வெறும் விதையைத் தேடி முட்டையிடுகிறது. எல்லா விதைகளும் நிறைந்துவிட்டால் ஒரே விதையிற் பல குடம்பிகள் சேர்ந்து, ஒன்றை ஒன்று நெருக்கி, மெலிந்த வண்டுகளாக வெளிவருகின்றன அல்லது உள்ளேயே மடிகின்றன.

இவ்வண்டினத்தைப் பற்றி 1950களில் ஜப்பானியர் ஓர் அரிய உண்மையைக் கண்டனர். நெருக்கமும் வெப்பமும் மிகுந்த கலத்தில் வளர்ந்தவற்றுட் சில, வழக்கமான வண்டைப்போல் அங்கேயே கிடந்து முட்டையிடாமல், நன்கு பறக்கும் ஆற்றலுடையனவாய், நீண்ட நாள் வாழ்வனவாய், ஆனால் குறைந்த முட்டை இடுவனவாய் வெளிவருகின்றன. ஊரிலே பிழைப்பில்லை என்று கண்டவன் மூட்டை கட்டிப் புறப்படுவது போன்றதுதான் இது.

இனி இவ்வுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். அதனை உலகிற்குத் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்திரேலிய நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஏ. ஜே. நிக்கல்சன். செம்மறியாடுகளுக்குப் பெருங்கேடு விளைக்கும் ஓர் ஈயினத்தை அவர் கான்பராவில் கூண்டுகளில் வளர்த்து ஆராய்ந்தார். முடிவுகளை 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிறைவுற்ற ஈக்களுக்கு வேண்டிய உணவைத் தாராளமாக வைத்தார். குடம்பிகளுக்கு உரிய இறைச்சியை மட்டும் நாளுக்கு இவ்வளவு என்று வரையறுத்தார். ஈக்கள் பெருகின. ஏராளமான முட்டை இட்டன. ஆனால் அந்தச் சிறு இறைச்சித் துண்டில் ஆயிரக்கணக்கான குடம்பிகள் மொய்த்தமையால் எதற்கும் போதிய உணவு கிடைக்கவில்லை. ஏறக்குறைய எல்லாமே மடிந்தன. பழைய ஈக்கள் முதுமையால் இறந்து தொகை சரிந்தது. தொகை சரிந்ததும் முட்டை குறைந்தது. குறைந்த குடம்பிகளுக்கு இறைச்சி போதியதாயிற்று. மீண்டும் ஈக்கள் பெருகின. இவ்வாறு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

பின்னர் அவர் வேறொன்று செய்தார். புதிதாக வெளிவரும் ஈக்களுள் ஒரு பெரும் பங்கை நாள்தோறும் தாமே அழித்து வந்தார். விளைவு என்ன? கூட்டிலிருந்து வெளிவரும் ஈக்களின் தொகை குறையவில்லை, முன்னையிலும் கூடிற்று! ஈக்கள் குறைந்தமையால் முட்டை குறைந்தது. முட்டை குறைந்தமையால் குடம்பிகளின் நெருக்கம் குறைந்தது. முன்பு வீணே உண்டு வீணே மடிந்தவற்றின் பங்கும் பிழைத்தவற்றுக்குக் கிடைத்தது. அழிவே அங்கு வளர்ச்சிக்கு உரமாயிற்று.

பசி தொகையை அடக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் நாம் ஒரு பகுதியை மட்டும் கொன்றால், எஞ்சியவற்றின் பசியைத் தீர்த்துவைக்கிறோம். இதுவே நிக்கல்சனின் கூண்டு நமக்குச் சொல்லும் பாடம்.

இப்பொழுது பீப்பாய்க்குத் திரும்புவோம். ஐந்நூறு குடம்பிகள் நெளியும் நீரைக் கண்ட ஒருவர், மேலே தெரிந்தவற்றை வாளியால் அள்ளிக் கொட்டிவிட்டு, அடியிலே எஞ்சிய நீரின்மீது புதுநீரை நிறைத்து வைக்கிறார். அவர் உள்ளம் நிறைவடைகிறது. ஆனால் பீப்பாயில் எஞ்சிய நூற்றுக்கு இப்பொழுது உணவு போதியதாகிறது. மெலிந்து மடியவிருந்தவை கொழுத்துப் பறக்கின்றன. உட்சுவரில் ஒட்டியிருந்த முட்டைகள் புதுநீர் தொட்டதும் அடுத்த தவணையாகப் பொரிக்கின்றன. குறைந்த அளவில் மருந்து தூவுவதும் இத்தன்மையதே. குடம்பிகள் சிலவாகவே இருந்து உணவு மிகுதியாக இருக்கும் கலத்தில் ஒன்றைக் கொன்றால் ஒன்று குறைந்ததுதான். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் நெருக்கம் மிகுந்த கலத்தில் பாதித் துப்புரவு துப்புரவாகாது. அங்கே எண்ணிக்கையைக் குறைப்பதிற் பயனில்லை. இடத்தையே இல்லாமற் செய்யவேண்டும்.

சிலர் கேட்கலாம்: அப்படியானால் நெருக்கத்தில் வளர்ந்து மெலிந்த நுளம்பு வரட்டுமே, அது முட்டை குறைவாகத்தானே இடும் என்று. இதிலும் ஓர் ஆபத்து உண்டு. மெலிந்த பெண் நுளம்பு, முட்டையை முதிரச் செய்வதற்கு ஒரு தடவைக்குப் பதிலாக இரண்டு மூன்று தடவை இரத்தம் தேட நேரலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய மனிதனைக் கடிக்கும் வாய்ப்பு. மேலும், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் இரண்டனுள், செடிகொடி அடர்ந்த நாட்டுப்புறங்களில் மிகுதியாக வாழும் இனத்தில், குடம்பிப் பருவத்து நெருக்கத்தால் நலிந்த நுளம்புகளின் உடலில் டெங்கு வைரஸ் எளிதாகத் தொற்றிக்கொள்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனையிற் கண்டனர். ஆகவே மெலிந்த நுளம்பை எளிய பகைவன் என்று எண்ணுவதற்கில்லை. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். இந்த எண்களுக்குப் பின்னால் வகுப்பறைகளில் வெறுமையாகிப்போன வாங்குகளும் உண்டு.

இனி, பீப்பாயை விட்டுத் தேயிலை மலைக்கு ஏறுவோம். அங்கே வேறொரு பாடம் காத்திருக்கிறது. தேயிலை இலைகளை நூலாற் பிணைத்து, அந்த மடிப்புக்குள் இருந்து தின்னும் இலைச்சுருட்டிப் புழுவைக் கொழுந்து பறிக்கும் தாய்மார் நன்கு அறிவர். அதன் தாய் அந்து முதிர்ந்த இலையின்மேல் முட்டைகளைக் கூட்டமாக இடுகிறது. ஆனால் பொரித்த குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் நெருங்கிக் கிடப்பதில்லை. மெல்லிய இழை விட்டுக் காற்றிலே தொங்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு செடிக்குப் பரந்து, தனக்கென ஓர் இலை வீடு கட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு எட்டியவரை பச்சை இலையாகவே இருக்கும் மலையில் இப்புழுவுக்கு உணவுப் பஞ்சம் ஏது? பசி இங்கே தொகையை அடக்குவதில்லை. பின் எது அடக்குகிறது?

அதற்கு விடை, ஒரு சிறு குளவி. இப்புழுவுக்கு எதிராக 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி இலங்கைத் தேயிலை மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. அது இளம் புழுவின் உடலுக்குள்ளே முட்டையிடும். குளவியின் குடம்பி புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். குளவி நிலைத்துப் பரவிய பின்னர், பெருங்கேடாக இருந்த இலைச்சுருட்டிப் புழு பல்லாண்டு அடங்கிக் கிடந்தது. உலகெங்கும் பூச்சியியலார் எடுத்துக்காட்டும் வெற்றி இது.

ஆனால் தேயிலைக்கு இன்னொரு பகைவனும் உண்டு. பென்சில் தடிப்பான கிளைக்குள் துளையிட்டுச் சுரங்கம் அமைத்து, அச்சுரங்கச் சுவரில் ஒரு வகைப் பூஞ்சணத்தைப் பயிர்செய்து, தன் குடம்பிகளுக்கு அதனையே ஊட்டும் ஒரு சின்னஞ்சிறு கருவண்டு அது. 'ஷொட் ஹோல் போரர்' என்ற பெயராலேயே தோட்டங்களில் அதனை அழைப்பர். பசறை, பதுளை போன்ற நடுத்தர உயரத்து மலைகளில் அதன் கேடு மிகுதி. துளைபட்ட இடத்திற் கிளை ஒடிந்துவிடும். இவ்வண்டை ஒழிக்க 1950களிலும் அதனைத் தொடர்ந்தும் டீல்ட்ரின் என்னும் கடும் நஞ்சு தெளிக்கப்பட்டது. நஞ்சு வண்டோடு நில்லாமல் குளவியையும் கொன்றது. காவலன் மடிந்ததும் இலைச்சுருட்டிப் புழு மீண்டும் தலையெடுத்துப் பெருகிற்று. பின்னர் அந்நஞ்சு கைவிடப்பட்டது. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை உலகளவில் விலக்கிய நஞ்சுகளுள் டீல்ட்ரினும் ஒன்று.

இரண்டு பாடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பீப்பாயிலே தொகையை அடக்குவது பசி. தேயிலை மலையிலே தொகையை அடக்குவது பகை. பசி அடக்கும் இடத்தில் அரைகுறையாகக் கொல்பவன் எஞ்சியவற்றுக்கு விருந்து வைக்கிறான். பகை அடக்கும் இடத்தில் கண்மூடிக் கொல்பவன் காவலனைக் கொல்கிறான். இரண்டிடத்திலும் முயற்சியில் குறையில்லை. அடக்குவது எது என்று கேளாமற் கை ஓங்கியதே குறை.

இந்த அறிவு நமது தோட்டங்களில் எவ்வாறு செயலாக வேண்டும்? பீப்பாயை வாரம் ஒருமுறை முற்றாக வெறுமையாக்கி, உட்சுவரைத் தும்பினால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். தேய்த்தாலன்றி முட்டை அகலாது. நீர் பிடித்தவுடன் இடைவெளியின்றி மூடவேண்டும். மூடி இல்லையேல் இழை நெருங்கிய துணியை இறுகக் கட்டினாலும் போதும். ஐப்பசி தொடங்கித் தை வரை பதுளைப் பக்கம் மழை பொழியும் காலத்தில், லயனைச் சுற்றிக் கிடக்கும் டயர், சிரட்டை, தகரப் பேணி, பிளாஸ்டிக் கோப்பை, கூரைப் பீலி ஆகியவற்றை ஒன்று விடாமல் அகற்றவோ கவிழ்க்கவோ துப்புரவாக்கவோ வேண்டும். பத்து வீட்டில் ஒன்பது வீடு துப்புரவாகி ஒரு வீடு தவறினாலும், அந்த ஒரு வீட்டு நுளம்பு பத்து வீட்டிலும் கடிக்கும்.

ஆயினும், நேயர்களே, ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பீப்பாயைக் கொட்டு என்று ஏவுவது எளிது. நாளைக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாத தாய், தூக்கிச் சுமந்த நீரை எவ்வாறு கொட்டுவாள்? ஆகவே நுளம்பின் உறைவிடத்தை ஒழிப்பது என்பது, முடிவாக நோக்கின், லயனுக்குத் தடையின்றிக் குழாய்நீர் வழங்குவதேயாகும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணிபுரிவதற்கு நெடுங்காலம் இடைஞ்சலாக இருந்தது. 2018ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம் அந்த இடைஞ்சலை நீக்கிற்று. வழி திறந்திருக்கும்போது, நீர் வழங்குவது தோட்ட நிருவாகத்தின் பொறுப்பா, சபையின் பொறுப்பா என்று வழக்காடிக்கொண்டே இருப்பது நுளம்புக்குத்தான் நன்மை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆண்டுதோறும் தரும் எச்சரிக்கைத் துண்டை விட, ஒரு நல்ல குழாய் மிகுதியான நோயைத் தடுக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வுண்மையை மாணவர் தம் கண்ணாலே காண்பதற்கு ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஐம்பது ஐம்பது கௌப்பி விதைகளை எண்ணி இடுங்கள். ஒன்றில் இரண்டு சோடி வண்டுகளையும், மற்றொன்றில் இருபது சோடி வண்டுகளையும் விட்டு, வாயைத் துணியாற் கட்டி வையுங்கள். அடுத்த தலைமுறை வெளிவரும்போது எந்தப் போத்தலில் எத்தனை வந்தன, அவை எவ்வளவு பெரியன, ஒவ்வொரு பெண்ணும் எத்தனை முட்டை இடுகிறது என்று மாணவரே எண்ணிப் பார்க்கட்டும். பத்து மடங்கு பெற்றோர் இருந்தும் பத்து மடங்கு பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி பிறந்த பின்னர், பீப்பாயைத் தேய்த்துக் கழுவச் சொல்லி அவர்களை யாரும் ஏவவேண்டியதில்லை. வீட்டாருக்கு அவர்களே எடுத்துச் சொல்வார்கள்.

ஒரு பூச்சியைக் கண்டு கை ஓங்கும் முன், இது ஏன் இன்னும் பெருகாமல் இருக்கிறது என்று ஒரு கணம் சிந்திப்போமாக. விடை பசியாயின் அதன் பந்தியையே எடுத்துவிடுவோம்; விடை பகையாயின் அந்தப் பகையைப் பேணுவோம்.